ஜமக்காளமும் காத்தாடிப் போர்வையும்

பவானியில் ஒரு தலைமுறைக்கு முன்பு வீட்டுக்குப் படுக்கை என்றால் ஜமக்காளம்தான். இரவுச் சாப்பாடு முடிந்து ஆசாரம் என்கிற கூடத்தைக் கூட்டியதும், பெட்டி மேல் மடித்து வைத்திருந்ததை எடுத்து உதறி விரிப்பார்கள். சுவரோரம் அம்மிச்சி, அவளை ஒட்டிக் கைக்குழந்தை, அப்புறம் வயது வரிசையில் பேரன் பேத்திகள், நோம்பிக்கு வந்த பெரியம்மா பிள்ளைகள் என்று எல்லோரும் அந்த ஒரே விரிப்பில் அடங்கிவிடுவோம். அப்புச்சி மட்டும் வாசலில் கயிற்றுக் கட்டிலில். யாருக்கு எந்த இடம் என்பதை வண்ணப் பட்டைகள் தீர்த்துவைத்தன. சிவப்பு எனக்கு, பச்சை தம்பிக்கு, கறுப்பில் படுக்க யாருக்கும் பிடிக்காது. போர்த்திக்கொள்வதற்கென்று தனியாக எதுவும் கிடையாது. மார்கழி வந்தால் அம்மாவின் பழைய சீலை ஒன்றை நான்கு பேர் இழுத்துக்கொள்வோம். ஆடு மேய்க்கிறவர்களிடம் வாங்கிய குறும்பாட்டுக் கம்பளி ஒன்று இருந்தது. அது காய்ச்சல்காரருக்கு.

இப்போது என் பேத்தி கோவையில் அடுக்குமாடி வீட்டில் வளர்கிறாள். அவளுக்குத் தனிக் கட்டில், தனித் தலையணை, சித்திரையிலும் குளிர்கிற ஏசி அறை. போன ஆடியில் அவளுக்காக ஒரு ஒட்டுப்போர்வை தைத்தேன். பனையோலையைக் கிழித்து மடித்து, முள்ளில் குத்தி, ஆடிக்காற்றுக்கு எதிராகப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் ஓடுவார்களே, அந்தக் காத்தாடி வடிவம் துணியில் வரிசை வரிசையாக வரும் போர்வை. அமெரிக்கப் பெண்கள் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே தைத்து வரும் அமைப்பு இது. அங்கே இதற்குப் பின்வீல் என்று பெயர்.

நெசவூரில் பிறந்துவிட்டு, வேறு யாரோ நெய்ததை வெட்டி ஒட்டித் தைப்பதா என்று எங்கள் தெருவிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. நூறு பேர் உட்காரும் துணியை நெய்த ஊர், ஒரு பிள்ளைக்கு மட்டுமான துணியைத் தைக்கும் காலத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதை அந்தக் கேள்வியிலிருந்துதான் யோசிக்கத் தொடங்கினேன்.

ஜமக்காளத்தின் கதையே ஒரு நெருக்கடியில் தொடங்கியதுதான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்து மில் துணி வந்து குவிந்தபோது, மெல்லிய துணி நெய்து பிழைத்தவர்களுக்கு வழி அடைபட்டது. பவானியில் ஜங்கமர் சமூகத்தார் முரட்டு வண்ண நூலை எடுத்துக்கொண்டு கனத்த விரிப்பு நெய்யத் தொடங்கினார்கள். மில் போட்டியிட முடியாத துணி அது. குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்து, பாவு நூல் வெளியே தெரியாதபடி ஊடை நூலை அடித்து அடித்து இறுக்கினால் தடிமன் வரும். அகலமான விரிப்புக்கு இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் எறியும் நாடாவை மற்றவர் வாங்கித் திருப்பி எறிய வேண்டும். பெரும்பாலும் கணவனும் மனைவியும். நிறம் மாற்ற வேண்டுமானால் நாடாவை மாற்றினால் போதும், பட்டை விழும். செயற்கைப் பட்டு நூலில் கரைவேலை செய்யும் இன்னொரு வகையும் பின்னால் வந்தது. பவானி, ஜம்பை, பெரியமோளபாளையம், அந்தியூர் என்று தெருத்தெருவாகத் தறிச்சத்தம் கேட்ட காலத்தைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அந்த விரிப்புக்கு ஊரில் இருந்த வேலையை எண்ணிப் பார்க்கிறேன். நிச்சயதார்த்தத்துக்கு வந்தவர்கள் உட்கார ஜமக்காளம். ஊர்க் கூட்டம், பஜனை, சாவுக்கு வந்தவர்கள் இரவெல்லாம் விழித்திருப்பது, பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பிள்ளைகளின் முன்வரிசை எல்லாம் அதன் மேல்தான். கல்யாணப் பெண்ணுக்குச் சீரோடு ஒன்று போகும். கோயிலுக்கும் சங்கத்துக்கும் பெயர் போட்டு வாங்கி வைத்திருப்பார்கள். நம் வீட்டில் விசேஷம் என்றால் பக்கத்து வீட்டு ஜமக்காளமும் எதிர்வீட்டு ஜமக்காளமும் வந்து சேரும். முடிந்ததும் எது யாருடையது என்று பட்டை நிறத்தை வைத்துப் பிரித்துத் திருப்பிக் கொடுப்பதே பெரிய வேலை. ஒரு ஜமக்காளம் இருபது முப்பது வருடம் உழைக்கும்.

அதை வீழ்த்தியது எது என்று கேட்டால் விசைத்தறி என்பார்கள். அது பாதி உண்மை. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் ஜமக்காளத்தைக் கைத்தறிக்கு மட்டும் உரிய பட்டியலில் வைத்திருக்கிறது. 2005-06இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இருந்தும், வெளியூர் விசைத்தறியில் ஓட்டியதைப் பவானி ஜமக்காளம் என்று சொல்லியே விற்கிறார்கள் என்பது நெசவாளர்களின் நீண்டநாள் குறை. ஆனால் என் கண்ணுக்குப் பெரிய காரணம் பிளாஸ்டிக் நாற்காலி. கல்யாண மண்டபத்தில் நாற்காலி வந்தது, வீட்டில் கட்டிலும் சோபாவும் வந்தன, முழங்கால் வலி என்று பெரியவர்கள் தரையை விட்டு எழுந்தார்கள். தரையில் உட்காரும் வழக்கம் போனதும் தரைக்கு நெய்த துணிக்கு வேலை குறைந்தது. தறிக்குழியில் நாள் முழுக்க உட்கார்ந்து வரும் கூலியைவிட பெருந்துறை சிப்காட்டிலும் திருப்பூர் பனியன் கம்பெனியிலும் கூடுதலாகக் கிடைத்தபோது பிள்ளைகள் அங்கே போனார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை.

பழைய துணியைச் சேர்த்துத் தைப்பது மட்டும் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. பிறந்த குழந்தையைப் புதுத் துணியில் கிடத்த மாட்டார்கள். கஞ்சியெல்லாம் போய், துவைத்துத் துவைத்து மிருதுவான சீலைதான் அதற்கு முதல் படுக்கை. இரண்டு மூன்று சீலையை அடுக்கி, ஓரத்தில் கைத்தையல் ஓட்டி, நடுவில் குறுக்கும் நெடுக்குமாக நாலு ஓட்டு ஓட்டினால் விரிப்பு தயார். அழகு பார்க்க யாரும் நினைக்கவில்லை. கிழிந்தால் மேலே இன்னொரு துண்டை வைத்துத் தைப்பார்கள், கடைசியில் அது கரித்துணியாகி அடுப்படிக்குப் போகும். துணி விலை அதிகம், கை சும்மா இருந்தது, அதனால் தைத்தார்கள்.

மற்ற ஊர்களில் இதே தேவை கலையாக வளர்ந்திருக்கிறது. வங்காளத்தின் காந்தாவைப் பலரும் அறிவார்கள். நமக்குப் பக்கத்தில், வட கர்நாடகத்தில் கவுதி இருக்கிறது. உத்தர கன்னட மாவட்டத்துச் சித்திப் பெண்கள் தைக்கும் கவந்தி எனக்கு மிகவும் பிடித்தது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். ஓரத்திலிருந்து தொடங்கி, ஒட்டுத்துணியை வைத்து ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து சேர்வார்கள். நான்கு மூலையிலும் துணியை மடித்துப் பூ வைக்காவிட்டால் அவர்களுக்குப் போர்வை முடிந்ததாகாது. தமிழ்நாட்டிலும் ஒட்டுத்துணி வேலை உண்டு. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்தில் தேருக்குத் தொங்கவிடும் தொம்பையும் தேர்ச்சீலையும் துணி மேல் துணி வைத்துத் தைத்தவைதான். நம்மிடம் அந்தக் கைத்திறன் சாமிக்குப் போனது. குழந்தையின் விரிப்புக்கு ஓட்டுத்தையலே போதும் என்று விட்டுவிட்டோம்.

இன்றைக்கு நிலைமை தலைகீழ். துணிக்குப் பஞ்சமே இல்லை. ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் செவ்வாய்க்கிழமை குவிகிற துணியைப் பார்த்தால் தெரியும். திருப்பூரில் விழும் கட்டிங் வேஸ்ட்டைக் கிலோ கணக்கில் வாங்கிப்போய், பிய்த்துப் பஞ்சாக்கி, ஓப்பன் எண்ட் மில்லில் மறுபடியும் நூலாக்குகிறார்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் அலமாரி நிறைய உடுப்பு. நேரம்தான் யாரிடமும் இல்லை. போர்வை தேவைப்பட்டால் போனில் ஒரு தட்டுத் தட்டினால் மறுநாள் வாசலுக்கு வருகிறது. ஆக, இப்போது ஒட்டுப்போர்வை தைக்கிறவர்கள் தேவைக்காகத் தைப்பதில்லை, ஒரு ஆளுக்காகத் தைக்கிறார்கள். 2019 ஜனவரியில் சென்னையில் ஒட்டுப்போர்வைகளுக்கென்றே இந்தியா குயில்ட் விழா நடந்தது. கருவிக்கும் குறைவில்லை. ஓல்ஃபா கம்பெனி 1979இல் கொண்டுவந்த சுழல் கத்தி இன்று கோவையிலும் கிடைக்கிறது. அதை வைத்து ஆறு மடிப்புத் துணியை ஒரே இழுப்பில் வெட்டலாம். நான் கத்தரிக்கோலாலேயே வெட்டினேன்.

என் பேத்தியின் போர்வைக்கு 40 அங்குல அகலம், 48 அங்குல நீளம் வைத்தேன். ஒரு காத்தாடிக்கு 8 அங்குலச் சதுரம். குறுக்கே 5, நெடுக்கே 6, ஆக 30 காத்தாடி. ஒரு காத்தாடிக்கு நான்கு இறக்கை, ஒவ்வொரு இறக்கையும் ஒரு கரும் முக்கோணமும் ஒரு இள முக்கோணமும் சேர்ந்த சதுரம். முக்கோணமாக வெட்டித் தைக்கப் போனால் கெட்டது. குறுக்கே வெட்டிய ஓரம் கிராஸாகி, கை பட்ட இடமெல்லாம் இழுபடும். அதனால் முதலில் சதுரமாகவே வெட்ட வேண்டும். 5 அங்குலச் சதுரம் கருநிறத்தில் ஒன்று, இளநிறத்தில் ஒன்று, நல்ல பக்கம் உள்ளே பார்க்கும்படி ஒன்றன்மேல் ஒன்று. மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் கால் அங்குலம், அந்தப் பக்கம் கால் அங்குலம் தள்ளி இரண்டு தையல். அப்புறம் கோட்டின் மேல் வெட்டினால் இரண்டு இறக்கை ஒரே நேரத்தில் கிடைத்துவிடும். விரித்து இஸ்திரி போட்டு நாலரை அங்குலத்துக்குச் சமன் செய்தால், தைத்து முடித்தபின் சரியாக நான்கு அங்குலம் நிற்கும். 30 காத்தாடிக்கு இறக்கை 120, அதற்குக் கருஞ்சதுரம் 60, இளஞ்சதுரம் 60.

காத்தாடிக்கான துணிக்கு வெளியே போகவில்லை. கருநிறத்துக்கு என் அம்மாவின் சுங்குடிச் சீலை இரண்டு, ஒன்று அரக்கு, ஒன்று கரும்பச்சை. இளநிறத்துக்கு அப்பாவின் கதர்ச் சட்டைகளும், என் மகள் பள்ளிக்கூடத்துக்குப் போட்ட இளநீல யூனிபார்மும். சுங்குடியில் ஒரு எச்சரிக்கை வேண்டும். எத்தனை வருடம் துவைத்திருந்தாலும் சாயம் விடக்கூடும். ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்க்காமல் வெட்டக் கூடாது. யூனிபார்ம் டெரிகாட்டன், கதருக்கு வைக்கிற சூட்டை அது தாங்காது. ஒரே காத்தாடியில் இரண்டும் சேரும்போது இஸ்திரிப் பெட்டியை டெரிகாட்டனுக்குத் தகுந்த சூட்டில் வைத்து, கதரின் மேல் மட்டும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொள்ள வேண்டும்.

அம்மாவின் சீலையை எடுத்ததில் ஒரு பேச்சு வந்தது. எங்கள் ஊரில் போனவர்களின் துணியைக் கூடுதுறையில் விட்டுவிடுவார்கள். காவிரியும் பவானியும் கூடுகிற படித்துறையில் காரியம் முடிந்ததும் ஆற்றோடு போகிற சீலைகளைப் பார்த்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். நான் இரண்டை மட்டும் எடுத்து வைத்திருந்தேன். சின்னம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"போனவங்க சீலையப் பச்சப்புள்ளைக்குப் போத்தறதா கண்ணு?"

"அம்மா உடுத்தி உடுத்திப் பூவாட்டம் ஆன சீலைங்க சின்னம்மா. துவைச்சு நல்ல வெயில்ல காயப் போட்டுட்டனுங்க."

"அதெல்லாஞ் செரி. சம்மந்தியம்மாகிட்டக் கேட்டியா? அவங்க ஊட்டுப் புள்ள அது."

அது எனக்குத் தோன்றவில்லை. கேட்டேன். மஞ்சள் தண்ணீரில் ஒரு தரம் அலசிவிடுங்கள், அது போதும் என்றார் சம்மந்தியம்மா. சின்னம்மாவுக்கு முழுச் சம்மதம் வந்ததா என்று தெரியாது. ஆனால் இஸ்திரி போடும் வேலை முழுக்க அவர் கையில்தான் நடந்தது.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரில் போனவர்களின் துணியைப் பற்றி வேறு விதமாக நினைத்தார்கள். அடிமைகளாக இருந்தவர்களின் வம்சத்தார் வாழும் ஊர் அது. அங்கே 1942இல் மிஸ்ஸூரி பெட்வே என்ற பெண், இறந்துபோன கணவர் வயலில் போட்டு உழைத்த உடுப்புகளை வெட்டிப் போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொண்டு, அன்போடு போர்த்திக்கொள்வதற்காக என்று தாய் சொன்னதை மகள் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். முழங்கால் தேய்ந்த இடம், பை இருந்த இடத்தில் வெளுக்காமல் நின்ற நிறம் எல்லாம் அப்படியே தெரிய, அந்த ஊர்ப் பெண்களின் போர்வைகள் 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவரில் தொங்கின. ஆற்றில் விடுவதும் ஒரு மரியாதை, போர்த்திக்கொள்வதும் ஒரு மரியாதை. எந்த வீட்டுக்கு எது பொருந்துகிறதோ அதை அந்த வீட்டார் செய்யலாம். எங்கள் வீட்டுக்குப் போர்த்திக்கொள்வது பொருந்தியது.

காத்தாடியில் எல்லா இறக்கையும் ஒரே பக்கம் சுற்ற வேண்டும். ஒன்று திரும்பி நின்றாலும் அந்தக் காத்தாடி உடைந்ததாகக் கண்ணுக்குப் படும். அதனால் தைக்கும் முன்பு 120 இறக்கையையும் தரையில் பரப்பிப் பார்க்க வேண்டும். வீட்டில் மிச்சமிருந்த ஒரே பழைய ஜமக்காளத்தை விரித்து அதன் மேல் பரப்பினேன். பட்டைகள் நேர்கோடு பிடித்துக் கொடுத்தன, முரட்டு நூலில் துண்டுகள் நகராமல் ஒட்டிக்கொண்டன, ஃபேன் காற்றில்கூட ஒன்றும் பறக்கவில்லை. தைப்பதற்கு மேசை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பரப்புவதற்கு ஜமக்காளத்துக்கு இணையில்லை.

இன்னொரு சிக்கல் நடுப்புள்ளி. எட்டு முக்கோண முனைகள் ஒரே இடத்தில் கூடுவதால் அங்கே துணி மொத்தையாகிவிடும், ஊசி உடையும். பின்பக்கத்தில் நடுத்தையலின் ஓரம் வரை மேலே ஏறிய இரண்டு மூன்று தையல்களைப் பிரித்துவிட்டு, தையல் ஓரங்களை ஒரே சுற்றில் ஆளுக்கொரு பக்கம் சாய்த்தால் மொத்தை படிந்துவிடும். பின்னாலும் ஒரு குட்டிக் காத்தாடி தெரியும். யார் கண்ணுக்கும் படாத இடம்தான், ஆனாலும் எனக்கு இந்தப் போர்வையில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

நடுவில் பஞ்சு வைக்கவில்லை. கடையில் பாலியஸ்டர் பஞ்சு ஷீட் கொடுப்பார்கள். லேசாக இருக்கும், ஆனால் வேர்வையை வாங்காது. ஏசியை நிறுத்தினால் குழந்தை உடனே உதறிவிடும். இலவம்பஞ்சு துவைத்தால் உருண்டுவிடும். அப்பாவின் எட்டு முழ வேட்டியை மடித்து உள்ளே வைத்தேன். அடிப்பக்கத்துக்குக் காடாத் துணி. புதுக் காடாவைக் கஞ்சி போகச் சூடான தண்ணீரில் ஊறவைத்துச் சுருங்கவிட்டுத்தான் வெட்ட வேண்டும். ஊற வைக்காமல் தைத்தால் முதல் துவையலிலேயே முழுப் போர்வையும் சுருங்கிக் கோணும். மூன்று அடுக்கையும் நடுவிலிருந்து ஓரத்துக்கு நூலோட்டிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காத்தாடியையும் சுற்றிக் கையாலேயே ஓட்டுத்தையல் போட்டேன். இணைப்பெல்லாம் என் பழைய உஷா மிஷினில் தைத்ததுதான், மேல் ஓட்டு மட்டும் கைவேலை. அம்மிச்சிகள் சீலை அடுக்கிப் போட்ட அதே தையல், அதே நீளம்.

இப்படி ஒரு போர்வை தைப்பதை நெசவுக்கு ஈடாக நான் சொல்ல மாட்டேன். நெசவு ஒரு குடும்பத்தின் சோறு, இது என் ஆசை. பேத்தி ஒருத்தி போர்த்திக்கொள்வதற்கு நான் செலவழித்த கைவேலையை, கூடத்தில் பலபேர் உட்காரும் துணிக்குக் கூலிக்குச் செய்தவர்கள் என் ஊரில் இருந்தார்கள், சிலர் இன்னும் இருக்கிறார்கள். வடிவமைப்பாளர் வினோ சுப்ரஜா பவானி ஜமக்காளத்தை லண்டன் ஃபேஷன் வீக் மேடைக்குக் கொண்டுபோனார், பவானி நெசவாளர் ஒருவரும் அந்த மேடையில் நடந்தார். அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் தெருவுக்குச் சந்தோஷம். ஆனால் தறிகள் ஓட மேடை போதாது, வீடுகளில் அந்தத் துணிக்கு இடம் வேண்டும். பெரிய கூடத்து விரிப்பு யாருக்கும் வேண்டாம் என்றாகிவிட்ட பிறகு, சின்ன அளவில் என்ன வேண்டும் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. குழந்தை தவழும் வயதில், கிரானைட்டும் டைல்ஸும் போட்ட தரையில் வழுக்காமல் முழங்காலுக்கு இதமாக இருக்கும் விரிப்புக்கு எந்த வீட்டிலும் தேவை இருக்கிறது. கடைகளில் அதற்கு ரப்பர் நுரைப் பாய் விற்கிறார்கள். நான்கடிக்கு நான்கடியில், கொஞ்சம் மெல்லிய நூலில், சாயம் விடாத நூலாகப் பார்த்துக் குழந்தை ஜமக்காளம் என்று நம் கூட்டுறவுச் சங்கங்கள் நெய்து வைத்தால், பேறுகாலச் சீரோடு வாங்கிக்கொண்டு போக நான் முதல் ஆளாக வருவேன். கீழே அது, மேலே ஒட்டுப்போர்வை.

தைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பவானிப் பாலத்தைத் தாண்டினால் குமாரபாளையம். அங்கே நெய்கிற லுங்கித் துணி இந்தக் காத்தாடிக்கு மிகவும் தோது. சதுரக் கட்டம் போட்ட துணியாகப் பார்த்து எடுத்தால் அளவுகோலும் சாக்கும் அதிகம் தேவையில்லை. கட்டத்தை எண்ணிக்கொண்டு நூல் வழியே கத்தரித்தால் சதுரம் தவறாது, நேர்நூலும் கெடாது. மூலைக்கு மூலை கோடு போடுவதற்குக்கூடக் கட்டங்களின் முனைகளே வழி காட்டிவிடும். என் தம்பியின் பேரனுக்கு அடுத்து தைக்கப்போவது அதில்தான், கருநீலக் கட்டமும் வெள்ளை வேட்டித் துணியும். தம்பி உடுத்தித் தேய்த்த லுங்கிகளைத் தூக்கிப் போடாமல் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.